அட்டை பார்த்த அருவி

சித்திரை மழை விட்ட காலையில், மலையேற வந்தவர் ஒருவரின் காலணியில் குட்டையன், நெட்டையன் என்ற இரண்டு அட்டைகள் தொற்றிக்கொண்டார்கள். அருவியைப் பார்ப்பது குட்டையனின் வெகுநாள் ஆசை.

“அருவி வரைக்கும் வாய் வைக்காதே மச்சான். வயிறு நிறைஞ்சா பிடி விட்டுப்போகும்” என்றான் நெட்டையன்.

வழியில் கேளையாடு ஒன்று நின்று பார்த்தது. தலைக்கு மேலே இருவாச்சி பறந்தது. தூரத்தில் அருவி இரைந்ததும் குட்டையனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“ஒரே ஒரு வாய்” என்று காலுறைக்குள் நுழைந்தான். குடிக்கக் குடிக்கக் கண் சொக்கியது. ஈரச் சருகில் உருண்டு விழுந்தவன், அந்த இரைச்சலைக் கேட்டபடியே உறங்கிப்போனான்.

மாலையில் அதே காலணியில் திரும்பி வந்த நெட்டையன் அவன் பக்கத்தில் இறங்கினான்.

“அருவித் தண்ணி என்னமா சில்லுன்னு இருந்துச்சு மச்சான்!”

குட்டையன் கண்ணைத் திறக்காமலே சிரித்தான். “போடா, நீ வேற எதையோ பார்த்திருக்கே. அருவி வெதுவெதுன்னு இருந்துச்சு.”