எதிர் வீட்டு முட்டை அட்டை

"தினம் தினம் முட்டை அட்டை கேட்டு எதிர் வீட்டு வாசல்ல போய் நிக்கறீங்களே, உங்களுக்குக் கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா?"

மனைவி இப்படிக் கேட்டபோது மெக்கானிக் பழைய செய்தித்தாளை ஒரு டம்ளரைச் சுற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தார். அடியை மடித்து டம்ளரை உருவினால் காகிதக் கிண்ணம் தயார். மண்ணை நிரப்பி ஒரு கத்திரி விதையை அழுத்தி வைத்தால் போதும், செடி முளைத்து வரும். பஸ் எஞ்சினோடு மல்லுக்கட்டிய மனுஷன் இப்போது பழைய பேப்பரோடு மல்லுக்கட்டுகிறார் என்று அவள் மகளிடம் போனில் சொல்லிச் சிரிப்பாள்.

சிரிக்கட்டும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற புதிதில் அவர் சுவரையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததையும் பார்த்தவள்தானே அவள். ஒரு நாள் பொழுது போகாமல், டாய்லெட் பேப்பர் தீர்ந்துபோன அட்டைக் குழலில் மண் போட்டு ஒரு பூசணி விதையை ஊன்றினார். அது தலையைத் தூக்கிப் பார்த்ததும் இவருக்கும் உயிர் வந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஓர் அட்டைகூடக் குப்பைக்குப் போகவில்லை.

எல்லாவற்றிலும் வாகானது முட்டை அட்டைதான். குழிக்கொரு விதை போடலாம். ஆனால் இரண்டு பேர் உள்ள வீட்டில் எவ்வளவு முட்டைதான் தின்ன முடியும்? அதனால்தான் எதிர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

அங்கே புதிதாகக் குடிவந்திருந்தவள் தையல் கடை வைத்திருந்தாள். கணவன் லாரி ஓட்டியவன். விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலியில் இருந்தான். முதல் நாள் அவளிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் மெக்கானிக் உண்மையையே உளறிவிட்டார். ஒரே அட்டையில் தக்காளி, மிளகாய், கத்திரி எல்லாவற்றையும் விதைத்துவிட்டேன், எந்தக் குழியில் எது என்று மறந்துபோச்சு, ஆயுசு முழுக்க பஸ் எஞ்சின் பிரித்தவன் இதில் கோட்டை விட்டுட்டேன் என்றார்.

உள்ளறையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"எஞ்சினையாவது ஒழுங்கா திருப்பி மாட்டினீங்களாண்ணே?"

மெக்கானிக் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. உள்ளறைப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றவள், "நாளைக்கு வாங்கண்ணே, அட்டை எடுத்து வைக்கறேன்" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் அட்டை தயாராக இருந்தது. அவ்வளவு சுத்தமான பெண். ஒரு நாள்கூட அதில் கறை இருந்ததில்லை. அட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போனால் அவள் கணவன் பிடித்துக்கொள்வான். தக்காளி இன்னும் தூங்குதா, மிளகாய்க்குக் கோபமா, அட்டையில பூஞ்சை வந்துச்சே அதுக்கு எந்த டாக்டர்கிட்டக் காட்டினீங்க என்று ஓயாமல் கிண்டல். இவர் அவனுக்கு 'வாயாடி' என்றே பேர் வைத்துவிட்டார். அவர்கள் பேசும்போது அவள் சமையலறைக் கதவின் பின்னாலேயே நின்றுகொள்வாள். வேலை அதிகம் போலிருக்கிறது என்று இவர் நினைத்துக்கொள்வார்.

இப்போது மகள் பிளாஸ்டிக் நாற்றுத் தட்டுகளை வாங்கி அனுப்பிவிட்டாள்.

"அதான் தட்டு வந்தாச்சே. இனிமே அந்தப் பொண்ணைத் தொந்தரவு பண்ணாதீங்க. பாவம், உங்க வயசுக்கு மரியாதை குடுத்துப் பொறுத்துக்கிட்டு இருக்கா" என்றாள் மனைவி.

மெக்கானிக்குக்கு அது சுருக்கென்று தைத்தது. காரணமில்லாமல் அடுத்தவர் வாசலை மிதிக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. அட்டை வேண்டாமென்றால் போவதற்கும் ஒன்றுமில்லை. வாயாடியைப் பார்க்காமல் காலைப் பொழுது எப்படிப் போகும் என்று நினைக்கவே கஷ்டமாக இருந்தது. ஆனாலும் நன்றி சொல்லிவிட்டு முறையாக விடைபெறுவதுதான் மரியாதை. நன்றாகத் தளிர்த்திருந்த தக்காளி நாற்றுகளை அட்டையோடு ஏந்திக்கொண்டு போனார்.

கதவைத் திறந்தவள், தன் கணவன் இன்னும் எழுந்திருக்கவில்லை என்றாள்.

"பரவாயில்லம்மா, உன்கிட்டதான் பேசணும். இதை அட்டையோடவே தொட்டியில வெச்சிடு, வேருக்கு வலிக்காது." மெக்கானிக் நாற்றுகளை அவள் கையில் கொடுத்தார். "சும்மா கிடந்தவனை மறுபடி மனுஷனாக்கினது உங்க வீடுதான். இந்த நன்றியை நான் மறக்க மாட்டேன். மக தட்டு அனுப்பியிருக்கா. நாளையிலிருந்து அட்டைக்கு வந்து உன்னைத் தொந்தரவு பண்ண மாட்டேன்."

அவள் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்கண்ணே. எங்க ரெண்டு பேருக்கும் முட்டை வாசனையே ஆகாது. அட்டைக்காகத்தான் வாங்கறேன். முட்டையைக் கடையில தைக்கற பொண்ணுங்க எடுத்துட்டுப் போயிடுவாங்க."

மெக்கானிக்குக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்காக எதற்கம்மா இவ்வளவு சிரமம் என்று கேட்டார்.

"உங்களுக்காக இல்லண்ணே." அவள் உள்ளறையைப் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள். "அன்னிக்கு எஞ்சினை மாட்டினீங்களான்னு கேட்டாரே, விபத்துக்கு அப்புறம் அவரு வாயிலேருந்து வந்த முதல் பேச்சு அதுதான். உங்ககிட்ட மட்டும்தான் பேசுவாரு, நீங்க கிளம்பினதும் வாயை மூடிக்குவாரு. நேத்துதான் முதல் தடவையா என்னைக் கூப்பிட்டு, 'நாளைக்கு அண்ணனுக்குக் குடுக்க அட்டை இருக்கா'ன்னு கேட்டாரு."