சாய்ந்த தண்ணீர்

வீடாக மாற்றிய வேனை எங்கே நிறுத்தினாலும் ஜெசிந்தா முதல் வேலையாகக் கண்ணாடித் தம்ளரில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி அடுப்பு மேடையில் வைப்பாள். அது மட்டமாக நிற்கும்வரை கணவன் பிலவேந்திரன் சக்கரங்களுக்கடியில் பலகை செருகுவான். இல்லாவிட்டால் கல்லில் ஊற்றும் தோசைமாவு ஒருபக்கமாக ஓடிவிடும். அன்று எத்தனை பலகை வைத்தும் தண்ணீர் எதிரே தெரிந்த மலைப்பக்கமாகச் சாய்ந்தே நின்றது. ரசமட்டத்தை வைத்துப் பார்த்தான். குமிழி நட்டநடுவில் இருந்தது. வண்டியைத் திருப்பி நிறுத்தினான். தண்ணீரும் திரும்பி, அதே மலைப்பக்கமாகச் சாய்ந்தது.

“காலையில தொட்டிக்கு எங்க தண்ணி பிடிச்சோம்?” என்றாள்.

“அந்த மலைச் சுனையிலதான்.”

அவள் தம்ளரை இரு கைகளாலும் பொத்திக்கொண்டாள். “பலகைய உருவிட்டு, கைபிரேக்க விடுங்க.”

இன்ஜின் அணைந்திருந்த வேன் மலை மேட்டை நோக்கி மெல்ல ஏறத் தொடங்கியது.