போக வர ஐயாயிரத்து முப்பத்தாறு மைல்

"இன்னும் எவ்வளவு நேரம்?" என்று வெண்டெல் மூன்றாவது முறையாகக் கேட்டபோது விமானம் மினியாபொலிஸை விட்டு நகரவே இல்லை. இறக்கையில் உறைந்த பனியை மருந்து பீய்ச்சிக் கரைத்துக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்து இருக்கை டோரீனுக்கு எழுபது வயது. "ரொம்ப அவசரமா தம்பி?"

"ஒரு மணிக்குள்ள ஆங்கரேஜ்ல இறங்கியாகணும் மேடம். இன்னிக்கு டிசம்பர் முப்பத்தொண்ணு. இன்னிக்கு விட்டா எல்லாம் போச்சு."

"அங்க யாரு இருக்கா?"

"அக்கா. படுத்த படுக்கையா இருக்கா. பார்த்துப் பதினோரு வருஷமாச்சு."

டோரீன் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அலாஸ்கா குளிருக்குப் போகிறவனிடம் ஒரு பை இல்லை, கோட்டுகூட இல்லை. பாவம், போட்டது போட்டபடி ஓடி வந்திருக்கிறான்.

ஒருவழியாக ஒன்பதே முக்காலுக்குக் கிளம்பினார்கள். முன்னாலிருந்த திரையில் பாதை வடக்கே வளைந்து கனடாவுக்குள் ஏறியது.

"அவசரம் தெரியாம சுத்திக்கிட்டுப் போறானே!" என்று டோரீன் கொதித்தாள்.

"இதுதான் மேடம் குறுக்கு வழி. ஆரஞ்சுப்பழத்து மேல ரெண்டு புள்ளி வச்சு நூலை இழுத்துப் பிடிங்க, இப்படித்தான் கிடக்கும். உருண்டையைத் தட்டையா வரைஞ்சதால வளைவாத் தெரியுது. ரெண்டாயிரத்து ஐந்நூத்துப் பதினெட்டு மைல். வானத்துல நாலு சுத்து சுத்தினாலும் கணக்கு அவ்வளவுதான்."

"ஆறு மணி நேரமாகுமாமே?"

"எதிர்க்காத்து. திரும்பும்போது அதே காத்து பின்னாலிருந்து தள்ளும். முக்கால் மணி மிச்சம்."

ஆங்கரேஜ் நேரம் மினியாபொலிஸைவிட மூன்று மணி பின்னால் என்பதால், ஆறு மணி நேரம் பறந்தும் ஊர்க் கடிகாரம் மூன்று மணி நேரம்தான் நகர்ந்திருந்தது. இறங்கும்போது பன்னிரண்டே முக்கால்.

டோரீன் பணிப்பெண்ணின் காதில் விஷயத்தைப் போட்டாள். அவனை முதலில் இறங்க விடும்படி அறிவிப்பு வந்தது. நூற்று அறுபது பேரும் பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள். விமானம் நின்றதும் எழுந்து மேலே பெட்டியை இழுக்காத மனிதர்களை அன்றைக்குத்தான் பார்க்க முடிந்தது. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெண்டெல் அவர்கள் நடுவே தலைதெறிக்க ஓடினான்.

அவன் போன் இருக்கையிலேயே கிடந்தது. டோரீன் அதை எடுத்துக்கொண்டு மூச்சிரைக்கப் பின்னால் ஓடினாள். வெளியே போகும் வழியில் ஆளைக் காணோம். பக்கத்து கேட்டில் விமானம் ஏறும் வரிசையில் முதல் ஆளாக நின்றிருந்தான். மேலே பலகையில், 'மினியாபொலிஸ்'.

"தம்பி! இது திரும்பிப் போற விமானம்!"

"தெரியும் மேடம். போக வர ஐயாயிரத்து முப்பத்தாறு மைல். இன்னிக்குள்ள பறந்தாத்தான் இந்த வருஷம் நான் பறந்த மைல் கணக்குல ஏறும். அப்பத்தான் விமானக் கம்பெனிக்காரன் தங்க அட்டை தருவான்."

"அப்ப உங்க அக்கா?"

"அவளுக்காகத்தானே இவ்வளவு பாடும்! அட்டை வந்தா ஒரு டிக்கெட் இலவசம், அடுத்த வருஷம் வந்து பார்த்துடுவேன்."