கழுத்துக்கு மேலே

சாயங்காலம் ஆறரைக்கு ஜெப்சியின் வீடியோ கால் வந்தபோது ஷாஜன் மாத்திரை போட்டிருக்கவில்லை.

வேண்டுமென்றுதான் போடவில்லை.

அது வலி மாத்திரை. காலையும் சாயங்காலமுமாக இருபத்து மூன்று நாள் ஆகிவிட்டது. போட்டால் வலி கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் வாய் உலரும். மூக்கு அரிக்கும். வயிறு கல்லாகக் கிடக்கும். பகலிலேயே தூங்கி எழுந்தால் என்ன கிழமை என்று தெரியாது. இது பழகிவிட்டால் பிறகு விடவே முடியாது என்று, பார்க்க வந்த ஒருவர் வேறு சொல்லிவிட்டுப் போனார்.

இன்றோடு நிறுத்திவிடுவதென்று ஷாஜன் முடிவு செய்திருந்தான்.

முகத்தைத் துடைத்துவிட்டு, போனை உயர்த்திப் பிடித்தான். கழுத்துக்கு மேலே மட்டும்தான் தெரிய வேண்டும்.

கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுவது அவன் வேலை. மழை பெய்த மறுநாள் காலையில், சரிவில் கால் வழுக்கி, வாளியோடு உருண்டான். முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்தன. நாகர்கோவிலில் ஆபரேஷன் செய்து உள்ளே கம்பி வைத்தார்கள்.

இதையெல்லாம் அவன் மனைவியிடம் சொல்லவில்லை.

ஜெப்சி குவைத்தில் நர்ஸ். போன தடவை இவனுக்கு டெங்கு என்று கேட்டதும், வேலையை விட்டுவிட்டு மூன்றாம் நாள் வாசலில் வந்து நின்றாள். மறுபடி வேலை கிடைக்க ஒன்றேகால் வருடம் ஆனது. வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கான பரீட்சைப் பாடங்களை எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டிவைத்து, அதை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே சோறு வடித்தாள். அந்த முகத்தை ஷாஜன் மறக்கவில்லை.

கால் முறிந்தது தெரிந்தால் அடுத்த விமானத்தில் வந்துவிடுவாள்.

தினமும் சாப்பாடு கொண்டுவரும் அக்கா ஓமனாவிடமும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். வாயைத் திறக்கக் கூடாது.

முன்பெல்லாம் ஜெப்சி வாரத்தில் இரண்டு நாள்தான் கூப்பிடுவாள். இப்போது டியூட்டி மாறிவிட்டது என்று காலையும் சாயங்காலமும் சொல்லிவைத்ததுபோல் கூப்பிட்டாள். தண்ணீர் குடித்தீர்களா, பப்பாளிப்பழம் தின்றீர்களா என்று கேட்டாள். தனியாகக் கிடப்பவளுக்குக் கேட்க வேறு என்ன இருக்கிறது என்று அவன் நினைத்துக்கொள்வான்.

கூப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் மாத்திரையைப் போட்டுவிட்டால் நன்றாகச் சிரிக்க முடிந்தது.

இன்று சிரிப்பு வரவில்லை.

"மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?"

மரச்சீனிக் கிழங்கும் மீனும் என்று சொல்லும்போதே வலி சுருட்டிப் பிடித்தது. பல்லைக் கடித்தான். நெற்றியில் வியர்வை இறங்கியது.

"என்ன இப்பிடி வேர்க்குது?"

"புழுக்கமாக்கும்."

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும்.

ஜெப்சி திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தாள். பிறகு, வார்டில் பேசுகிற குரலில் சொன்னாள்.

"போனை எங்கேயாவது சாச்சு வைங்க. ரெண்டு கையாலயும் காலைத் தூக்கி தலையணைக்க மேல வைங்க."

"எந்தக் காலை? எனக்கு என்ன, நான் சும்மா..."

"இடது."

போன் கையிலிருந்து நழுவிக் கட்டிலில் விழுந்தது. அங்கிருந்தே அவள் குரல் வந்தது. "மாத்திரையையும் போடுங்க. வெறும் வயித்துல வேண்டாம். நிறுத்தணும்னா டாக்டர்ட்ட கேட்டு பைய பைய நிறுத்தலாம். இப்பிடி ஒரேயடியா நிறுத்தக் கூடாது."

ராத்திரிச் சாப்பாட்டோடு வந்து அடுக்களையில் நின்ற அக்காவை ஷாஜன் திரும்பி முறைத்தான். ஓமனா நெஞ்சில் கையை வைத்து, நானில்லை என்று தலையை ஆட்டினாள்.

போனை எடுத்துச் சாய்த்து வைத்துவிட்டு, காலைத் தூக்கி வைத்தான். இரண்டு பிஸ்கட் தின்று மாத்திரையை விழுங்கினான். எல்லாவற்றையும் ஜெப்சி பார்த்துக்கொண்டே இருந்தாள். போனை வைக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கதை, பக்கத்து அறைக்காரியின் குறட்டை என்று ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தாள். முக்கால் மணி நேரம் கழித்து வலி ஒருவழியாக இறங்கியது.

"யாரு சொன்னா?" என்று கேட்டான்.

"நீங்கதான்."

ஆபரேஷன் முடிந்து வார்டுக்குக் கொண்டுவந்த அன்று, அக்கா மருந்து வாங்கக் கீழே போயிருந்த நேரத்தில், மயக்கம் தெளியாமலே அவன் போனை எடுத்திருக்கிறான். அக்கா என்று நினைத்து ஜெப்சியைக் கூப்பிட்டிருக்கிறான். விழுந்தது, முறிந்தது, கம்பி வைத்தது எல்லாவற்றையும் சொல்லி அழுதிருக்கிறான். ஒரு வார்த்தைகூட அவனுக்கு நினைவில்லை.

"பின்னே ஏன் இத்தனை நாளா ஒண்ணும் கேக்கல்ல?"

ஜெப்சி சிரிக்கத் தொடங்கி, பாதியில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"'அக்கா, ஜெப்சியிட்ட மட்டும் சொல்லிராத, அவ தாங்கமாட்டா'ன்னு அந்த அழுகை அழுதியளே. சொல்லமாட்டேன்னு நானும் சத்தியம் பண்ணிட்டேன்லா."