வெண்கலம் வரும் நேரம்

“பேட்டரி தீர்ந்த மைக்கைக் கொடுத்துடட்டுமாக்கா? அந்தாளு வாயை மட்டும் அசைச்சுக்கிட்டு நிக்கட்டும்” என்றாள் மைக் மாட்டிவிடும் பெண்.

ஏணியில் நின்ற லைட்காரர் இன்னும் உற்சாகமானார். “என்கிட்ட விடுங்கக்கா. அவர் எங்க நின்னாலும் வெளிச்சம் நாலு அடி தள்ளித்தான் விழும்.”

“ஒருத்தரும் ஒண்ணும் பண்ணக் கூடாது. அவருக்கு நான் வெச்சிருக்கேன்” என்றாள் விழாவை ஒருங்கிணைக்கும் அக்கா. அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்து லைட்காரர் ஒரு படி மேலே ஏறிக்கொண்டார்.

அவர் என்றால் வெண்கலம். குரலுக்காக வந்த பட்டப்பெயர். விழா மேடைகளில் பேசி நிகழ்ச்சியை நடத்தித் தருவதில் அவரை விட்டால் ஆளில்லை என்று ஊரே சொல்லும், அவரும் சொல்வார். ஒத்திகைக்கு வர மாட்டார். அனுப்பும் தாளைப் படிக்க மாட்டார். சொன்ன நேரத்துக்கு வந்து நின்றதாகச் சரித்திரமே கிடையாது.

போன விழாவில் அவர் வரும்வரை மொத்தக் கூட்டமும் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சாவகாசமாக வந்த மனிதர் மைக்கைப் பிடித்ததும் என்ன சொன்னார் தெரியுமா? “தாமதத்துக்கு மன்னிக்கணும். நிகழ்ச்சியை ஒருங்கிணைக்கப் புதுசா ஒரு அம்மாவைப் போட்டிருக்காங்க. பாவம், அவங்களுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது!”

அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. மூன்றாவது வரிசையில் இருந்த அக்காவின் மாமியாரும் சிரித்தார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அன்றிலிருந்து, “எங்கே, மணி என்னன்னு சொல்லு பார்க்கலாம்” என்று மாமியார் கேட்காத நாளில்லை. அவளுடைய முதலாளியோ, “இன்னொரு தடவை விழா தள்ளிப்போச்சுன்னா நீ வேற வேலை பார்த்துக்கம்மா” என்று கறாராகச் சொல்லிவிட்டார். வேலையையும் விடக் கூடாது, அந்த ஆளையும் விடக் கூடாது என்று அக்கா கறுவிக்கொண்டாள்.

தொழிலை அவள் இன்னும் கற்றுக்கொண்டுதான் இருந்தாள். திரை ஏறாமல் லைட் கட்டக் கூடாது. லைட் கட்டாமல் கம்பளம் விரிக்கக் கூடாது. சாப்பாட்டுக்காரர் எப்படியும் தாமதமாகத்தான் வருவார், அதனால் நேரத்தைக் கொஞ்சம் முன்னதாகவே சொல்லி வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, எந்த ஆளுக்கும் ஒரு மாற்று ஆள் வேண்டும். ஒன்று சறுக்கினால் பின்னாலேயே பத்து சறுக்கும் பிழைப்பு இது.

அதனால் ஒத்திகையில் வெண்கலம் பேச வேண்டியதையெல்லாம் மைக் பெண்ணைப் பேசவைத்திருந்தாள். அவளும் கணீரென்று பேசினாள்.

இன்றைக்கு ஒரு பெரிய கம்பெனியின் விருது விழா. வெளியூர்க் கிளைகள் எல்லாம் நேரலையில் சேர்வதால் ஒரு நிமிடம்கூடத் தள்ளிப்போட முடியாது. இந்த ஒரு மேடை நன்றாக அமைந்துவிட்டால், வருஷம் முழுக்க அந்தக் கம்பெனியின் மேடைகள் வெண்கலத்துக்கே என்று பேச்சு. பேச்சைக் கிளப்பியதே வெண்கலம்தான்.

அக்கா எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு அவரை அழைத்தாள். “சார், ஏழு மணிக்கு விழா. கொஞ்சம் முன்னாடியே வந்துடுங்க சார்.”

“ஏழா? சரிம்மா, சரிம்மா. நீ சொன்னா சரிதான்!” எதிர்முனையில் ஒரே சிரிப்பு. “கடிகாரம் பார்க்கக் கத்துக்கிட்டியா?”

“கத்துக்கிட்டு இருக்கேன் சார்.”

“இந்தாளுகிட்ட இவ்வளவு பணிவு எதுக்குக்கா?” என்று மைக் பெண் முணுமுணுத்தாள். அக்கா கம்பளத்தின் சுருக்கத்தைக் காலால் நீவிவிட்டாள்.

மாலை. அரங்கம் நிரம்பிவிட்டது. முதலாளி கையைப் பிசைந்துகொண்டு ஓடிவந்தார். “ஏம்மா, வெண்கலம் எங்கே? அவருக்கு நேரம் சொன்னியா இல்லையா?”

“சொன்னேன் சார். இவங்க எல்லாரும் பக்கத்துலதான் இருந்தாங்க, கேட்டுப் பாருங்க.”

“ஏழுன்னு தெளிவாச் சொன்னாங்க சார். நான் என் காதால கேட்டேன்” என்றார் லைட்காரர்.

“ஐயோ, போன்கூட எடுக்க மாட்டேங்கிறாரே! இப்ப என்ன பண்றது?”

“நம்ம பொண்ணை ஏத்திவிடுறேன் சார்” என்ற அக்கா, அவர் வாயைத் திறப்பதற்குள் மைக் பெண்ணின் சட்டையிலேயே மைக்கை மாட்டி மேடைக்கு அனுப்பிவிட்டாள். ஏழு அடித்தது, விளக்கு எரிந்தது, விழா தொடங்கியது.

அந்தப் பெண் வெளுத்துக்கட்டினாள். பாதி விழாவிலேயே கம்பெனித் தலைவர் எழுந்து மேடையின் பக்கவாட்டுக்கு வந்து, “யாருங்க இந்தப் பொண்ணு? இந்த வருஷம் எங்க மேடை எல்லாத்துக்கும் இவங்களையே போட்டுடுங்க” என்றார். முதலாளிக்கு உயிர் திரும்பி வந்தது.

சரியாக அந்த நேரத்தில் புதுக் கோட்டும் வாசனையுமாக வெண்கலம் உள்ளே நுழைந்தார். தலைவர் சொன்னது அவர் காதில் நன்றாகவே விழுந்தது. முகம் கறுத்துப்போயிற்று.

“ஏய்! நான் வராம யாரைக் கேட்டு ஆரம்பிச்சே?” என்று அக்காவிடம் பாய்ந்தார்.

“ஏழு மணின்னு சொன்னேனே சார்.”

“நீ ஏழுன்னா எட்டுன்னுதானே அர்த்தம்! எப்பவும் எனக்கு ஒரு மணி நேரம் முன்னாடிதானே பொய் சொல்லுவீங்க!”

தலைவர், முதலாளி, லைட்காரர் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா குரலை உயர்த்தவே இல்லை.

“அதான் சார், இந்தத் தடவை உண்மையைச் சொன்னேன்.”