இருந்தது ஒரே இடம்

வாயில் மிச்சமிருக்கும் நான்கு பற்கள்மீது ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

தீராத முதுகுவலிக்குப் புதுச் சிகிச்சை. ஒரே இடம்தான் பாக்கி. எனக்கா, என் மனைவிக்கா என்பதைச் செயற்கை நுண்ணறிவு முடிவு செய்யுமாம். இருவரும் ஏழு நாள் இடுப்பில் ஆளுக்கொரு பட்டை கட்டிக்கொண்டோம்; ஒன்றில் என் பெயர், மற்றதில் அவள் பெயர். நடை, குனிவு, நிமிர்வு எல்லாம் அதில் பதிவாகும்.

எட்டாம் நாள் டாக்டர் என்னிடம் சொன்னார். “ஐயா, இடம் உங்களுக்குத்தான். அம்மாவுக்கு வலியே இல்லைங்குது மெஷின்.”

அவள் பதறினாள். “இவருக்கு முடியாதுன்னு மூணு மாடிக்கும் தண்ணி கேனை நான்தானே தூக்குறேன்! குனிஞ்சா நிமிர முடியல டாக்டர்.”

“மெஷின் பொய் சொல்லாதும்மா.”

“அப்ப நான் பொய் சொல்றேனா?”

நானும் விடவில்லை. “துரோகி மெஷின்!” என்று மேசையைத் தட்டினேன்.

வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “போகுது, விடுங்க. நீங்களாச்சும் வலியில்லாம நடமாடுங்க.” என் பையையும் அவளே தூக்கிக்கொண்டாள்.

எனக்கு முதுகுவலி ஒருநாளும் வந்ததில்லை; அந்த ஏழு நாளும் அவள் இடுப்பில் நான் கட்டிவிட்டது என் பட்டையை, என் இடுப்பில் இருந்தது அவளுடையது.