அலறலுக்கு முன்

பழைய துப்பறியும் கதைகளை இந்தக் காலத்துக்கு மாற்றி எடுத்த தொடர் அது. ஒருவரை விட்டு ஒருவர் பார்ப்பதில்லை என்று தாரிணியும் அவள் கணவன் பிரகதீஷும் பேசிவைத்திருந்தார்கள். அவன் கோயம்புத்தூர் போயிருந்த வாரம் வெளியான பகுதியை இன்று போட்டார்கள்.

பெயர்கள் ஓடும்போதே, "கார் டிரைவர்தான் கொலைகாரன். பந்தயமா?" என்றான்.

"அதெப்படி இப்பவே சொல்ற?"

"ஒரிஜினல் கதைய காலேஜ்லயே படிச்சாச்சுடி, மக்கு."

அவளும் படித்திருந்தாள். அதில் டிரைவரே கிடையாது.

கோயம்புத்தூரில் இதை யாரோடு பார்த்தான்?

திரையில் துப்பறிபவர் ஒரு கதவை மெல்லத் திறந்தார். சத்தமே இல்லை. பிரகதீஷின் உள்ளங்கை பழகிய வேகத்தில் வந்து அவள் கண்களைப் பொத்தியது.

"பயப்படாத," என்றான்.

அதற்குப் பிறகுதான் அலறல் கேட்டது.